கை ஏற்ற நாற்பத்தாறு வினாடி

நான் படித்த இயற்பியலில் நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், காலத்துக்கு வினாடி என்று இருந்தது. உலக நாடுகள் எல்லாம் கூடி உட்கார்ந்து ஒத்துக்கொண்ட ஏற்பாடு என்று வகுப்பில் சொன்னார்கள். திருப்பூரைக் கேட்காமலே ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்பது பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை பத்து மணிக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

அங்கே துணியைக் கிலோவில் வாங்கினார்கள். அந்தத் துணியின் அகலம் அங்குலம். அதிலிருந்து வெட்டும் சட்டையின் நீளம் சென்டிமீட்டர். அந்தச் சட்டையில் விழும் தையல் மறுபடியும் அங்குலத்துக்கு இத்தனை என்று கணக்கு. நூலுக்கு நம்பர், அதுவும் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். தைத்தால் பீஸ், பெட்டிக்குள் போனால் டஜன். துணி கனமா மெல்லிசா என்று பார்க்க ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று கேட்பார்கள். ஆனால் அந்தச் சதுர மீட்டரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி எடை போட்டு நூறால் பெருக்கிவிடுவார்கள்.

முதலாளி பொங்கலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். கம்பெனி எவ்வளவு பெரிசு என்று உள்ளூர்க்காரர் கேட்டால் "அறுவது சென்டுங்க" என்பார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வந்தவர் எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூத்தியிருவது மிஷினுங்க" என்றார். அவருக்கு அது பரப்பளவுதான். வந்தவரும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

காலத்தின் கதை இதைவிட மோசம். எங்கள் ஊரில் காலத்தின் அலகு ஷிப்ட். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், ஒரு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட். இந்த வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனாய் என்று யாரையாவது கேட்டால் "ஒம்போது ஷிப்டுங்க" என்று பதில் வரும். வாரத்துக்கு ஆறு வேலை நாள்தான், ஆனாலும் ஒன்பது. பூமி சுற்றுவதை வைத்து நாளைக் கணக்கிட்டவர்களுக்கு இந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

தூரத்துக்கு அலகே கிடையாது. நேர்முகத்துக்குப் போன அன்று மங்கலம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடைக்காரரிடம் கம்பெனி எங்கே என்று கேட்டேன். "பக்கந்தானுங்க, அஞ்சு நிமிசம்" என்றார். வெயிலில் நாற்பது நிமிடம் நடந்தேன். திரும்பி வரும்போது வயிற்றெரிச்சலில் அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "வண்டியிலங்க. நீங்க நடந்து போவீங்கன்னு யாருங்க நெனச்சா?" என்றார். ஐந்து நிமிடம் என்பது தூரமாக வேண்டுமானால் வேகம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுக்க வாயைத் திறந்தேன். பிறகு ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பாடம் எடுக்கும் பழக்கம் அப்போதுதான் விட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு வருடம் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தினேன். அலகுகள், அளவீட்டுப் பிழைகள், தொலைவு, இடப்பெயர்ச்சி, வேகம், திசைவேகம் என்று முதல் பருவம் முழுக்க அதுதான். அந்தப் பள்ளியின் ஆய்வகத்தில் ஒரே ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள் பூட்டி, சாவியைத் தாளாளர் வைத்திருந்தார். தனி ஊசல் சோதனை வந்தபோது மாணவர்கள் ஊசலையும் ஆட்டவில்லை, வாட்சையும் தொடவில்லை. ஆனால் அறுபது நோட்டிலும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று இருந்தது. ஒரு பையனுக்காவது 9.7 வந்திருந்தால் நான் அவனைக் கும்பிட்டிருப்பேன்.

தாளாளரிடம் போய் வாட்சைக் கேட்டேன். "புள்ளைங்க ஒடச்சிருவாங்க டீச்சர். விடைதான் தெரியுமில்லீங்க, அப்பறம் எதுக்கு அளக்கறது?" என்றார். அளக்காமல் எழுதுவது பொய் என்று கத்தினேன். அந்த மாதக் கடைசியில் நான் பள்ளியில் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் கூடவே நேர்மையும் வந்துவிடும். அப்போதெல்லாம் அதை ஒரு தகுதி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இயற்பியலில் பட்டம் வாங்கி, ஒரு வருடம் பாடமும் நடத்திய நான் முதன்முதலாக ஒரு ஸ்டாப் வாட்சைக் கையில் பிடித்து அழுத்தியது பனியன் கம்பெனியில்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, ஒரு சட்டை தைக்க எத்தனை வினாடி ஆகிறது என்று விலாவாரியாகக் கேட்டிருந்தது. அதுவரை முதலாளிக்கு வினாடி என்று ஒன்று இருப்பதே தேவைப்பட்டதில்லை. அவசர அவசரமாக ஒரு மேனேஜரை எடுத்தார்கள். அந்த மேனேஜர், டைம் ஸ்டடி வேலைக்கு என்னை எடுத்தார். பள்ளியில் பாடம் நடத்தியவள் என்று தெரிந்ததும், சேர்ந்த ஒரு மணி நேரத்தில் கம்பெனிக்கே நான் டீச்சர் ஆகிவிட்டேன். பள்ளியில்கூட என்னை அத்தனை பேர் டீச்சர் என்று அழைத்ததில்லை.

மேனேஜர் சென்னையில் படித்தவர். லேப்டாப்பைத் திறந்தபடியே கைக்குழந்தை மாதிரி இடுப்பில் ஏந்திக்கொண்டு, தையல் மிஷின் வரிசைகளுக்கு நடுவே லைன் லைனாக நடப்பார். அவர் கொடுத்த விதிமுறைத் தாள் இன்னமும் என்னிடம் இருக்கிறது. தைக்கிறவர் ஒரு சட்டையை எடுக்கும்போது வாட்சை அழுத்த வேண்டும். தைத்து முடித்து அடுத்த சட்டைக்குக் கை நீட்டும்போது மறுபடி அழுத்த வேண்டும். அது ஒரு சுற்று. ஆளுக்குப் பத்து சுற்று. ஒரே மூச்சில் பத்தையும் எடுத்தால் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டிக் காட்டுவார்களாம். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் போய், பின்னால் நின்று, ஒரே ஒரு சுற்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து நாள். அளக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. கடைசி விதியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்: வாட்ச் நிற்கவே கூடாது. நடுவில் நூல் அறுந்தாலும் சரி, தும்மல் வந்தாலும் சரி, எல்லாம் சுற்றுக்குள் அடக்கம்.

எனக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்திருந்தது. கடைசியில் அளந்து எழுதுகிற ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

எனக்குக் கொடுத்த லைனில் கை ஏற்றுகிறவர்கள் ஆறு பேர். சட்டையின் உடம்போடு இரண்டு கைகளையும் ஓவர்லாக் மிஷினில் சேர்த்துத் தைப்பதைத்தான் கை ஏற்றுவது என்பார்கள். ஐந்து பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் நான் நின்றாலும் சுவர் நின்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அளப்பதற்கு அவர்களைப் போல வசதியான மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்து நாலு என்று எண்கள் சமர்த்தாக வந்து கட்டத்துக்குள் உட்கார்ந்தன.

ஆறாவது ஆள் அக்கா. ஐம்பதைத் தொட்டவர். மங்கலத்தில் விசைத்தறி ஓட்டிய குடும்பம். சின்ன வயதிலிருந்தே தறிச் சத்தத்துக்குள் இருந்து இருந்து காது முக்கால்வாசி போய்விட்டது. அதற்குப் பிறகு இங்கே வந்து, ஜன்னலோரம் இருக்கும் அந்த மூன்றாவது மிஷினில் பதினேழு வருடம். எதிராளியின் வாயசைவைப் பார்த்துத்தான் அவருக்குப் பேச்சு விளங்கும். மற்றவர்கள் தைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவது போல அவரால் பேச முடியாது. பேச வேண்டுமானால் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும், உடம்போடு திரும்ப வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் போய்ப் பின்னால் நின்றேன். அவர் சட்டையை எடுத்தார், நான் வாட்சை அழுத்தினேன். ஒரு கையைச் சேர்த்து முடித்தபோது, டியூப்லைட் வெளிச்சத்தில் என் நிழல் மிஷின் மேல் விழுவதைப் பார்த்துவிட்டார். கால் பெடலை விட்டு வந்தது. திரும்பினார். நெற்றியில் திருநீறு.

"வா கண்ணு. சாப்ட்டியா?"

வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு அது போதவில்லை.

"என்ன சாப்ட்ட?"

சத்தமில்லாமல் "இட்லி" என்று வாயசைத்தேன். அவருக்கு அதுவே தாராளம். விதியும் உடையவில்லை. அவர் மறுபடி மிஷின் பக்கம் திரும்பி, இரண்டாவது கையைச் சேர்த்து, சட்டையை உதறிப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார். அழுத்தினேன். நாற்பத்து நாலு வினாடி.

நான் நாற்பத்து நாலு என்று எழுதிக்கொண்டு நகர்ந்தேன். எனக்கு எதுவுமே உறுத்தவில்லை என்பதை இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

பத்துத் தடவை போனேன். பத்துத் தடவையும் "வா கண்ணு" வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் பின்னால் வந்து நிற்கும்போது வா, சாப்பிட்டாயா என்று கேட்காமல் இருப்பவர்கள் யாரும் இல்லை. அக்காவுக்கு அதைச் செய்ய உடம்பு முழுவதும் தேவைப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். மத்தியானம் போனால் என்ன குழம்பு என்று கேட்பார், நாலு மணிக்குப் போனால் டீ குடிச்சியா. ஒரு நாள் எனக்குச் சளி. அன்றைக்கு மிளகு, மஞ்சள், பனங்கற்கண்டு எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டு வினாடி. அதையும் எழுதினேன். என் சளிக்கு அவர் சொன்ன கசாயத்தை வீட்டில் வைத்துக் குடிக்கவும் செய்தேன். குடித்துக்கொண்டே பத்து எண்ணையும் கூட்டிச் சராசரி போட்டேன். நாற்பத்தாறு.

சனிக்கிழமை அட்டவணையைக் கொடுத்தேன். மேனேஜர் லேப்டாப்பில் ஏற்றினார். ஐந்து பச்சைப் பட்டைகள் குட்டையாக நின்றன. ஆறாவது பட்டை சிவப்பாக, அவற்றின் தலைக்கு மேலே ஏறி நின்றது. நாற்பதுக்கு மேல் போனவர்களை மிஷினிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். திங்கட்கிழமை காலை, அக்கா வெள்ளிக்கிழமையிலிருந்து பிசிர் மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பிசிர் மேசை என்பது தைத்த சட்டையில் தொங்கும் நூல் நுனிகளைக் கத்தரியால் வெட்டுகிற இடம். மிஷினில் உட்கார்ந்தால் டெய்லர், அங்கே உட்கார்ந்தால் ஹெல்பர். கண் மங்கியவர்களும் முதுகு விட்டுப்போனவர்களும் அங்கே வந்து உட்கார்வார்கள். கொஞ்ச நாளில் வேலைக்கு வராமலே நின்றுவிடுவார்கள். அந்த மேசையிலிருந்து யாரும் மிஷினுக்குத் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை. தொலைவு, இடப்பெயர்ச்சி என்று வகுப்பில் விளக்க எத்தனையோ உதாரணம் சொல்லியிருக்கிறேன். ஒரே திசையில் மட்டும் நடக்கும் இந்தப் பயணம் எனக்கு அப்போது தெரியாது.

அன்று காலை டீ நேரத்தில் அக்கா என்னிடம்தான் வந்தார். அட்டவணை போட்டவள் நான் என்பது அவருக்குத் தெரியவில்லை. வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றது என்ன வேலை என்று அவர் கேட்டதுமில்லை.

"நான் மெதுவாப் போயிட்டனாமா கண்ணு" என்றார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ர கை எனக்கே தெரியாமயா மெதுவாப் போச்சு?"

உண்மையாகவே அவர் மெதுவானவர் என்றுதான் அப்போதும் நம்பினேன். என் எண்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

அதை உடைத்தவர் லைன் சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மணிக்கு எத்தனை சட்டை முடிந்தது என்று ஆள்வாரியாகச் சாக்பீஸால் எழுதும் பலகை அவர் பொறுப்பில் இருந்தது. என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். ஆறு பேரில் அக்காவின் எண்தான் எல்லா மணிக்கும் பெரிசாக இருந்தது. என் அட்டவணைப்படி கடைசியில் இருக்க வேண்டியவர் அங்கே முதலில் இருந்தார். பலகை தப்பு என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"ஏம்மா டீச்சரு, ஒன் கடியாரம் என்னத்த அளக்கு? அவுக தைக்கதயா, ஒன்ன விசாரிக்கதயா?"

வகுப்பில் நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்த விஷயம் இது. கொஞ்சமாக இருக்கும் வெந்நீரில் வெப்பமானியை வைத்தால், வெப்பமானி தன் பங்குக்குச் சூட்டைக் குடித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். அளக்கப் போகிறவர் அளக்கப்படும் பொருளைத் தொந்தரவு செய்கிறாரா என்று முதலில் பாருங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அறுபது பேர் அதை நோட்டில் இறக்கிக்கொண்டார்கள். அதைப் படிக்காத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. நான் நிற்காத நேரத்தில் யாருக்காகவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த மிஷினை, பத்துத் தடவை என் நிழலால் நிறுத்தி, அதையே அதன் வேகம் என்று எழுதி வைத்திருந்தேன்.

மேனேஜரிடம் ஓடினேன். அந்தப் பன்னிரண்டு, பதினைந்து வினாடிகள் எனக்கானவை, தையலுக்கானவை அல்ல, கழித்துவிடுங்கள் என்றேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டேட்டாவ டச் பண்ணக் கூடாதும்மா. நீங்க சயின்ஸ் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

ஆடாத ஊசலுக்கு 9.8 எழுதக் கூடாது என்று ஒரு வேலையை விட்டவள் நான். எழுதியதைத் திருத்துங்கள் என்று கெஞ்சிக்கொண்டு அங்கே நின்றேன். தாளாளர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். மேனேஜர் கடைசியில் இரங்கினார். வியாழக்கிழமைக்குள் புதிதாக ஆறு சுற்று எடுக்கலாம், முறை மாறக் கூடாது, வாட்ச் நிற்கவே கூடாது என்றார். சிவப்பு மை இன்னும் காயவில்லை.

சாயங்கால டீ நேரத்தில் அக்காவைத் தனியாகக் கூட்டிப்போய் வாட்சைக் காட்டினேன். அட்டவணை போட்டது நான்தான் என்று சொன்னேன். நான் வந்து நின்றதும் இது ஓட ஆரம்பிக்கும், நீங்கள் என்னைக் கேட்பதையும் இது தையலோடு சேர்த்து எண்ணிவிடும் என்று மெதுவாக வாயசைத்துச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப நாளைக்கு வந்து நின்னா?"

"திரும்பாதீங்க அக்கா. பேசாதீங்க. யாருமே இல்லைன்னு நெனச்சுத் தைங்க."

"வந்து நிக்கற புள்ளைய வான்னு கேக்காம எப்படிக் கண்ணு? மொறையில்லியே."

"மூணு நாளைக்குத்தான் அக்கா. இல்லைன்னா மிஷின் போயிரும்."

அவர் வாட்சை வாங்கிக் காதருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்டிருக்காது. திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, மூணு நாளு" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை போய் நின்றேன். அவர் சட்டையை எடுத்தார், அழுத்தினேன். என் நிழல் மிஷின் மேல் விழுந்தது. அவருடைய தோள் லேசாக அசைந்ததைப் பார்த்தேன். கழுத்துப் பாதி திரும்பி அங்கேயே நின்றது. கால் பெடலைவிட்டு வரவில்லை. அடுத்த சட்டைக்குக் கை நீட்டினார். முப்பத்தொன்று. லைனிலேயே குறைந்த எண். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முதுகைத் தட்டிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். பேசக் கூடாது என்பதால் நகர்ந்துவிட்டேன்.

முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்தொன்று. வியாழக்கிழமை சாயங்காலம் சிவப்புப் பட்டை குட்டையாகிப் பச்சையாகி ஓரத்தில் உட்கார்ந்தது. அக்காவின் மிஷின் அக்காவிடமே இருந்தது.

மேனேஜருக்கு என்னைவிடக் கொண்டாட்டம். லைனிலேயே மெதுவான ஆள் தன்னுடைய பயிற்சியால் நாலே நாளில் முதலிடத்துக்கு வந்துவிட்டதாகப் படம் போட்டு, வெளிநாட்டுக் கம்பெனிக்காரருக்குத் திரையில் காட்டினார். சிவப்புப் பட்டை ஒரு பக்கம், பச்சைப் பட்டை ஒரு பக்கம், நடுவில் மேலே பாய்கிற ஓர் அம்பு. அந்த நாலு நாளில் மேனேஜர் அக்கா பக்கமே வரவில்லை. வெளிநாட்டுக்காரர் கை தட்டினார். முதலாளியும் தட்டினார். நானும் தட்டினேன், ஏனென்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

என்ன பயிற்சி என்று கேட்ட முதலாளியிடம், திரும்பாமல் தைப்பதுதான் என்றார் மேனேஜர். முதலாளிக்கு விஷயம் ஒரு வரியில் விளங்கிவிட்டது. "அப்ப திரும்பாமத் தச்சா வேகம் வருது. எல்லாத்துக்கும் சொல்லீருங்க" என்றார். மறுநாள் லைனுக்கு லைன் தமிழிலும் இந்தியிலும் அட்டை தொங்கியது. டைம் ஸ்டடி எடுக்கும்போது திரும்பக் கூடாது, பேசக் கூடாது. இளைஞர்கள் அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் எப்போது திரும்பினார்கள்?

மூன்று நாள் முடிந்துவிட்டது, இனிமேல் பேசலாம் என்று அக்காவிடம் சொல்லப் போனேன். பின்னால் நின்றேன். சொல்வதற்கு அவர் திரும்ப வேண்டும். கூப்பிட்டால் காது கேட்காது. ஊசி ஓடும்போது தோளைத் தொடவும் பயம். இரண்டு சட்டை முடியும்வரை நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். என் கையில் வாட்ச் இருந்தது, ஓடவில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்?

டீ நேரத்தில் பிடித்துச் சொன்னேன். அக்கா, அளவெல்லாம் முடிந்துவிட்டது, பழையபடி கேளுங்கள் என்றேன்.

"நீங்க வந்து நிக்கறப்ப எப்ப ஓடுது, எப்ப ஓடுலீன்னு எனக்கு எப்படீங்க டீச்சர் தெரியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மிஷின் போய்விடக் கூடாது என்கிற பயத்தில் சொன்னார். கண்ணு போய் டீச்சர் வந்திருந்தது, நீ போய் நீங்க வந்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வர வேண்டும் என்பதுதான் விதி, அந்த விதியைப் பிடித்திருந்தவள் நான்தான்.

அப்புறம் ஏழெட்டு மாதம் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தேன். லைனுக்குள் நுழைந்தால் அறுபது முதுகுகள் தெரியும், ஒன்றும் அசையாது. எண்களெல்லாம் சுத்தமாக வந்தன. என் வாழ்க்கையில் அத்தனை பிழையில்லாத அளவுகளை நான் எடுத்ததில்லை. அந்த ஏழெட்டு மாதமும் சாப்பிட்டாயா என்று அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு அது வலித்தது. இதில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு பட்டதாரி, வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் அளந்துவிட்டு, ஒரு கேள்விக்காக மனசு ஏங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இடையில் வாட்ச் கீழே விழுந்து கெட்டுப்போனது. புதிது வாங்கும்வரை செல்போனில் எடுங்கள் என்றார் மேனேஜர். புதிது வரவே இல்லை. அதற்குப் பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு முதுகுகளுக்குப் பின்னால் நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் எப்போது வரும் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே அக்கா. கையில் அர்ச்சனைத் தட்டு, நெற்றியில் திருநீறு. முருகன் கோயிலிலிருந்து வருகிறார். என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது, வாய்கூடத் திறந்தது. எனக்குத் தொண்டைக்குள் பதில் தயாராக இருந்தது.

வாய் மூடிக்கொண்டது. அவருடைய கண் என் முகத்திலிருந்து இறங்கி வலது கையில் நின்றது.

"ஓடுதுங்களா?" என்றார், போனைக் காட்டி.

நான் போனைப் பைக்குள் போட்டேன். போட்டது அவருக்குத் தெரிய வேண்டும் என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அக்கா இரண்டு கையையும் பார்த்து முடித்தார்.

அதற்கப்புறம்தான், "வா கண்ணு. சாப்ட்டியா?" என்றார்.